கட்டாக்காலி: வன்னியில் முறை கெடும் இடங்கள்

வட இலங்கையின் வன்னியில் ஒரு செயல் முறைகேடாவது பல வேளைகளில் ஒரு திகதியில்தான். அருவி வெட்டு முடிந்து தாள் மட்டும் நிற்கும் நாள்களில் எவருடைய மாடும் எவருடைய வயலிலும் மேயலாம். யாரும் கேட்பதில்லை. சாணி விழுந்தால் நிலத்துக்கு நல்லது என்று பட்டிக்காரரைத் தேடிப்போய்க் கூப்பிடும் வயல்காரரும் உண்டு. அதே மாடு அதே வரம்பைத் தாண்டி ஒரு குறித்த நாளுக்குப் பிறகு நுழைந்தால், அது பயிரழிவு, தண்டம், சண்டை, சில வேளை பொலிஸ் முறைப்பாடு. இடையில் மாறியது மாடுமல்ல, காணியுமல்ல; கூட்டத்தில் குறித்த திகதி கடந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்தத் திகதியை முடிவு செய்வது பயிர்ச்செய்கைக் கூட்டம். காலபோகத்துக்கு முன்னும் சிறுபோகத்துக்கு முன்னும் நடக்கும் இக்கூட்டத்துக்கு அரசாங்க அதிபர் தலைமை தாங்குவார். நீர்ப்பாசனத் திணைக்களத்தார், கமநல சேவை நிலையத்தார், கமக்காரர் அமைப்புகளின் பிரதிநிதிகள் வந்திருப்பார்கள். வாய்க்கால் எப்போது துப்புரவாக்குவது, குளத்தின் துருசை எப்போது திறப்பது, எந்த நாளுக்குள் விதைத்து முடிப்பது, கால்நடைகளை எந்த நாளுக்குள் அப்புறப்படுத்துவது என்பன அங்கே முடிவாகும். 1946ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டமும் 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டமும் இந்த ஒழுங்குக்குப் பின்னால் நிற்கின்றன. ஆனால் வழக்கம் சட்டத்தைவிட மூத்தது. 1856இல் ஆங்கிலேயர் நெற்காணி நீர்ப்பாசனத்துக்குச் சட்டம் எழுதியபோது, கமக்காரர் கூடித் தங்கள் பழைய வழக்கத்தையே விதியாக எடுத்துக்கொள்ள இடம்விட்டார்கள். புதிதாக ஒன்றை எழுதுவதைவிட இருப்பதை ஒப்புக்கொள்வது சுகம் என்பது அவர்களுக்கும் விளங்கியிருக்க வேண்டும்.

திகதிக்குப் பிறகும் அவிழ்ந்து திரியும் மாட்டுக்கு இங்கே ஒரு பெயர் இருக்கிறது: கட்டாக்காலி. காலி என்றால் மாட்டுக்கூட்டம்; கட்டாத காலி கட்டாக்காலி. அந்தச் சொல் மாட்டோடு நிற்கவில்லை. சொல்வழி கேளாமல் சந்தியில் நிற்கும் பொடியனையும் "கட்டாக்காலியாய்த் திரியிறான்" என்றுதான் சொல்வார்கள். இந்தச் சொல்லின் சூட்சுமம், அது மாட்டைக் குற்றம் சொல்லாததுதான். பசித்த மாடு பச்சையைக் கண்டால் வாய் வைக்கும், அதில் பிழையில்லை. பிழை கட்டாதவனில். பொடியனைக் கட்டாக்காலி என்று ஊர் ஏசும்போதும், ஏச்சின் பாதி அவன் வீட்டுப் படலையைத் தாண்டி உள்ளே போகிறது. அதனால்தான் தாய்மார் அந்தச் சொல்லைக் கேட்டால் மகனை விட்டுவிட்டுச் சொன்னவரோடு சண்டைக்குப் போகிறார்கள்.

குடியேற்ற அரசுக்கும் இந்த இரண்டு வகைக் கட்டாக்காலிகளும் தலையிடியாகவே இருந்தன. 1841இல் மனிதருக்கு ஒரு சட்டம் வந்தது: அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம். தொழிலின்றி அலைவது, தெருவில் ஒழுங்கீனமாக நடப்பது எல்லாம் அதில் தண்டத்துக்குரியவை. 1876இல் மாட்டுக்கு ஒரு சட்டம் வந்தது: கால்நடை அத்துமீறல் கட்டளைச் சட்டம். பயிரில் மேயும் மாட்டைப் பிடித்துக் கட்டிவைத்து நட்டம் கேட்கும் உரிமையை அது காணிக்காரருக்கு எழுத்தில் கொடுத்தது. மாட்டுக்கான சட்டத்தில் பொறுப்பு உடையவன் மேல் விழுந்தது. மனிதருக்கான சட்டத்திலோ அலைந்தவனே குற்றவாளி; அவன் ஏன் அலைகிறான், அவனைக் கட்டிவைத்திருக்க வேண்டிய வீடும் தொழிலும் எங்கே போயின என்ற கேள்வி அதில் இல்லை.

இன்றைக்கும் மாடு பிடிப்பது வன்னியில் ஒரு சின்ன நாடகம். விடியற்காலையில் வரம்பில் குளம்படி கண்டவர் அடியைப் பார்த்துக்கொண்டே போய் மாட்டைப் பிடித்துக் கொண்டுவந்து தன் வளவில் கட்டுவார். தொடையில் சுட்டிருக்கும் குறியைப் பார்த்தால் உடையவர் யாரென்று தெரியும். தெரிந்தாலும் உடனே ஆள் அனுப்பமாட்டார். உடையவர் தேடி வரட்டும் என்று இருப்பார். வருகிறவர் நேரே மாட்டைப் பற்றிப் பேசமாட்டார். மழையைப் பற்றி, உர விலையைப் பற்றி, யாரோ ஒருவரின் சுகவீனத்தைப் பற்றிக் கதை போகும். தேத்தண்ணி வரும். பிறகு மெதுவாக, "மாடு ஒண்டு இஞ்சால வந்ததெண்டு சொல்லிச்சினம்" என்று தொடங்குவார். அழிந்த பாத்தியை இருவரும் போய்ப் பார்ப்பார்கள். இத்தனை மூட்டை நெல், அல்லது இவ்வளவு காசு என்று முடிவாகும். வந்தவர் வாசலில் நின்றபடி "என்ர மாட்டை அவிழ்" என்று சத்தம் போட்டால் கதை வேறு. மாடு செய்தது சிறிய பிழை. அவர் செய்தது பெரிய பிழை. மாட்டின் கணக்கு நெல்லோடு தீரும். அவர் போட்ட சத்தத்தின் கணக்கு அடுத்த திருவிழா வரைக்கும் போகும்.

கட்டாமல் விடுவது குற்றமாகாத ஒரு காலமும் வன்னிக்கு இருந்தது. இறுதிப் போரில், 2008இன் பிற்பகுதியிலிருந்து 2009 மே வரை கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று சனம் நகர்ந்தபோது, வீட்டை விட்டுப் புறப்படுமுன் பலர் கடைசியாகச் செய்தது மாட்டின் கயிற்றை அவிழ்த்ததுதான். கட்டியிருந்தால் செத்துப்போகும், அவிழ்த்தால் எங்கேயாவது மேய்ந்து பிழைக்கும். திரும்பி வந்தபோது அந்த மாடுகள் காட்டுக்குள் கலந்து, கன்று போட்டு, குறியில்லாத ஒரு தலைமுறையே உருவாகியிருந்தது. யார் பிடித்தாலும் அவருடையதா, பிடித்தவர் கள்ளனா என்ற தகராறு மீள்குடியேற்றத்தின் முதல் ஆண்டுகளில் ஊருக்கு ஊர் இருந்தது. குறியுள்ள மாட்டைப் பிடித்து விற்றவரை ஊர் மன்னிக்கவில்லை. குறியில்லாததைப் பிடித்தவரைப் பற்றி ஊருக்கே இரண்டு அபிப்பிராயம்.

முறை என்ற ஒரு சொல்

முறைகேடு என்ற சொல்லை அரசாங்கக் கடிதங்கள் தேய்த்துவிட்டன. ஒப்பந்தத்தில் முறைகேடு, நிதியில் முறைகேடு என்று கேட்டுக் கேட்டு அது காசுக்கணக்கின் சொல் போலாகிவிட்டது. அடிச்சொல்லான முறையைப் பார்த்தால்தான் அதன் அகலம் தெரியும். முறை என்றால் தடவை; வரிசையில் ஒருவருக்குரிய வேளை; செய்ய வேண்டிய விதம்; உறவு; நீதி. இத்தனையும் ஒரே சொல்லுக்குள் இருப்பது தற்செயல் என்று படவில்லை. ஒருவர் தன் வேளை வரும்வரை நிற்பதும், தனக்கு இன்ன உறவானவரோடு இன்னவிதமாகப் பழகுவதும், உரியதை உரியவருக்குக் கொடுப்பதும் இந்த மொழியில் ஒரே ஒழுக்கத்தின் வேறுவேறு பக்கங்கள்.

வயலில் முறை என்றால் தண்ணீர் முறை. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளம் இருபதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயலுக்குத் தண்ணீர் கொடுப்பது. குளம் 36 அடி நிறைந்து வான்கதவு திறக்கும் மாரியில் முறை பற்றி யாரும் பேசுவதில்லை. சோதனை சிறுபோகத்தில்தான். நீர்மட்டத்தைப் பார்த்து இந்த முறை இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று கூட்டம் முடிவெடுக்கும். வயலுள்ள எல்லோருக்கும் அந்தக் குறைந்த அளவு பங்காகும். அப்போது பங்குக்கு மேலே அரை ஏக்கர் விதைப்பவர் யாருடைய வீட்டிலும் புகுந்து களவெடுக்கவில்லை. தன்னுடைய காணியில் தன்னுடைய நெல்லைத்தான் விதைக்கிறார். ஆனாலும் அது களவுதான். வாய்க்கால் கடைசியில் இருக்கிற வயலுக்குப் போகவேண்டிய தண்ணீர் அங்கே நிற்கிறது. தலைவாய்க்கால்காரருக்கும் கடைவாய்க்கால்காரருக்கும் இடையிலுள்ள இந்தப் பகை முத்தையன்கட்டிலும் வவுனிக்குளத்திலும் குளம் இருக்கும் எல்லா இடத்திலும் உண்டு.

இரவில் மடை உடைப்பது இதன் கடைசிப் படி. மண்வெட்டியால் இரண்டு கொத்து, அவ்வளவுதான் வேலை. விடியும்போது ஒரு வயல் நிறைந்தும் மற்றது வெடித்தும் கிடக்கும். யார் செய்ததென்று சேறே சொல்லிவிடும். தண்ணீர் எங்கே நிற்கிறதோ அவர்தான். இருந்தும் "நண்டு துளைச்சிட்டுது" என்ற விளக்கம் ஒவ்வொரு போகத்திலும் வருகிறது. வன்னி நண்டுகள் தங்கள் பெயரில் பதிவான குற்றங்களில் பாதியைக்கூடச் செய்திருக்காது.

கடலிலும் இதே கதை. முல்லைத்தீவுக் கரையில் கரைவலை வளைப்பதற்குப் பாடு என்று கடற்கரைத் துண்டு உண்டு. ஒருவர் வளைத்து முடியும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். ஆள்கள் கயிறு பிடித்து இழுத்த வலையை உழவு இயந்திரம் இழுக்கத் தொடங்கியபோதும், இரவில் கடலுக்கு வெளிச்சம் பாய்ச்சி மீனைக் கூட்டிப் பிடிப்பவர்கள் வந்தபோதும் சண்டை வந்தது. இழுவைமடித் தொழிலை 2017இல் நாடாளுமன்றம் சட்டத்தால் தடை செய்தது. மீனவர் பேச்சில் இதெல்லாம் சட்டவிரோதம் என்பதைவிட "முறையில்லாத தொழில்" என்றே அழைக்கப்படுகிறது. மற்றவருடைய நாளைய மீனை இன்றைக்கே வாருவது முறையில்லை என்பதே அதன் பொருள்.

வீட்டுக்குள் முறை என்றால் உறவு. மச்சானும் மச்சாளும் கலியாணம் செய்யலாம், அது முறை. சித்தப்பா பிள்ளையும் பெரியப்பா பிள்ளையும் அண்ணன் தங்கை. அவர்களுக்குள் காதல் என்றால் அது முறைகேடு, எந்தச் சட்டமும் தடுக்காவிட்டாலும். கலியாண வீட்டில் இன்னாருக்கு முறையாகச் சொல்லவில்லை என்றால் அவர் வரமாட்டார். முறையாகச் சொல்வதென்றால் வீட்டுக்குப் போய், வெற்றிலைத் தட்டம் நீட்டி, வீட்டுப் பெரியவருக்குச் சொல்வது. அழைப்பிதழைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுவது சொன்னதாகாது. கைத்தொலைபேசிச் செய்தி அதிலும் மோசம் என்பது பழையவர்களின் கட்சி. கனடாவிலும் பிரான்சிலும் பாதிச் சொந்தம் இருக்கிற ஊரில் அந்தக் கட்சி மெல்லத் தோற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் செத்தவீட்டுக்கு யாரும் முறையாகச் சொல்வதில்லை, யாரும் காத்திருப்பதுமில்லை. கேள்விப்பட்டால் போகவேண்டும். கோபதாபம் உள்ளவர்களும் போவார்கள். போகாமல் விட்டவரின் பெயர் அன்றைக்கே எண்ணப்படும்.

சொல்லாமற் செய்வது என்பதே தனியொரு பிழைவகை. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்தெழுதிய தேசவழமையில், காணியை விற்கப்போகிறவர் முதலில் பங்காளிக்கு அறிவிக்கவேண்டும், வாங்கும் முதல் உரிமை அவருக்கே என்று இருக்கிறது. அந்நியருக்கு விற்பதல்ல அங்கே குறை, சொல்லாமல் விற்பது.

குழப்படி முதல் சண்டித்தனம் வரை

கெட்ட நடத்தைக்கு ஈழத்தமிழில் ஒரு படிக்கட்டே உண்டு. கீழ்ப்படியில் குழப்படி. குழப்படி செய்கிற பிள்ளை என்றால் அதில் பாதி பெருமை; "சரியான குழப்படி" என்று சொல்லும் தாய் சிரித்துக்கொண்டே சொல்வாள். நாற்பது வயதுக்காரரைக் குழப்படிக்காரர் என்றால் சிரிப்பு இருக்காது. அடுத்தது வாய்க்காட்டுவது: பெரியவர் ஏசும்போது திருப்பிச் சொல்வது. அதற்கு மேலே சண்டித்தனம். சண்டியன் பலசாலி, நாலுபேர் அவனுக்குப் பின்னால் நிற்பார்கள், தேவையானபோது ஊரே அவனைக் கூப்பிடும், தேவை முடிந்தபின் அவனைப் பற்றி முறைப்பாடு செய்யும். காவாலி என்பது அதற்கும் வேறு. அவனிடம் சண்டியனின் கௌரவம்கூட இல்லை.

கள்ளுக் குடிப்பது இந்தப் படிக்கட்டில் இல்லை. பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கத்தின் தவறணையில் பின்னேரம் இருந்துவிட்டு நேரே வீட்டுக்குப் போகிறவரை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. (தவறணைக்கும் தவறுக்கும் சம்பந்தமில்லை; அது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல்.) கசிப்பு அப்படியல்ல. காட்டோரத்தில் காய்ச்சி, போத்தலில் ஊற்றி, கூலிக்காசைக் குறிவைத்து விற்கப்படும் அதைப் பற்றிக் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் பெண்கள் எழும்பிப் பேசாத மாதம் குறைவு.

பகிடி என்ற சொல்தான் இந்தப் படிக்கட்டில் கால் வழுக்கும் இடம். பகிடி என்றால் கேலி, விளையாட்டுப் பேச்சு. அதோடு வதையைச் சேர்த்துப் பல்கலைக்கழகத்தில் புதுமாணவரைத் துன்புறுத்துவதற்குப் பகிடிவதை என்று ஈழத்தமிழ் பெயர் வைத்தது. மொழியில் அண்மையில் பிறந்த சொற்களில் இதுபோல் தன் பொருளைத் தானே வாதாடும் சொல் குறைவு: செய்கிறவருக்கு அது பகிடி, படுகிறவருக்கு வதை, இரண்டும் ஒரே செயல். 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பகிடிவதைக்குள்ளான தமிழ் மாணவர் ஒருவர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த ஆண்டு, 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தனிக் குற்றமாக்கியது: இரண்டு ஆண்டுவரை சிறை, பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ சேர்ந்தால் பத்து ஆண்டுவரை. பம்பைமடுவில் உள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கும், அறிவியல் நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களுக்கும் பொருந்துவது இச்சட்டமே. சட்டம் வந்து கால் நூற்றாண்டு தாண்டியும் மூத்த மாணவர் சிலருக்கு அது இன்னும் பகிடிதான்.

பள்ளிக்கூடத்தில் பிழை செய்பவர் யாரென்பதே மாறிவிட்டது. அடியாத மாடு படியாது என்பது இங்கே பழமொழி மட்டுமல்ல. பூவரசந்தடி இல்லாத வகுப்பறை முன்பு இருந்ததில்லை. குழப்படி செய்த பிள்ளை அடி வாங்கிவிட்டு வீட்டில் சொல்லாது. சொன்னால் அங்கேயும் ஒன்று விழும். 2016இல் கல்வியமைச்சின் சுற்றறிக்கை உடல் தண்டனையை விலக்கியது. ஆசிரியர் அறைந்ததால் காதில் பாதிப்புண்டான மாணவர் ஒருவரின் வழக்கில் 2021இல் உயர் நீதிமன்றம் அதை அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. இப்போது தடி எடுத்த ஆசிரியர்தான் முறை கெட்டவர். இதை ஏற்காத பெற்றோரும் வன்னியில் ஏராளம். "அடிச்சுத் திருத்துங்கோ சேர்" என்று பிள்ளையைக் கையளிப்பவர்களிடம் சுற்றறிக்கையை வாசித்துக் காட்டுவது எளிதல்ல.

பெயர் வைப்பவர்கள்

வன்னிக்கே ஒரு காலத்தில் கட்டாக்காலி என்ற பொருளில் பெயர் இருந்தது: அடங்காப்பற்று. வரிக்கும் திறைக்கும் அடங்காத பற்று. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு வன்னித் தலைவர்களான வன்னியர்கள் யானைகளைத் திறையாகக் கொடுக்கவேண்டும் என்று ஏற்பாடு. யானைகள் ஒழுங்காக வரவில்லை, நிலுவை ஏறியது. யாழ்ப்பாணக் கோட்டையின் கணக்குப் புத்தகத்துக்கு அது கெட்ட நடத்தை. காட்டைத் தன்னுடையதென்று நினைத்தவருக்கு அது இயல்பு. 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றிய பண்டாரவன்னியனை ஆங்கிலேயர் கலகக்காரனாக எழுதினார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 31 அன்று கப்டன் வொன் ட்றிபேர்க் அவனைத் தோற்கடித்ததற்குக் கற்சிலைமடுவில் கல் நட்டார்கள். இன்று வவுனியா நகரில் நிற்பது அவனுடைய சிலை, ட்றிபேர்க்குக்கு இல்லை.

பெயர் வைக்கும் அதிகாரம் பலமுறை கைமாறியது. 1998 செப்டெம்பரிலிருந்து 2009 ஜனவரி 2 வரை கிளிநொச்சியில் சட்டம் என்றால் விடுதலைப் புலிகளின் சட்டம். அவர்களுக்குத் தனிக் காவல்துறை இருந்தது, நீதிமன்றங்கள் இருந்தன, தண்டனைச் சட்டக்கோவையும் குடியியல் சட்டக்கோவையும் இருந்தன. களவு குறைவாக இருந்தது, இரவில் பெண்கள் பயமின்றிப் போனார்கள் என்று அக்காலத்தைப் பற்றி இன்றும் பேசப்படுகிறது; பொய்யென்று தள்ள முடியாது. அதே நிருவாகம்தான் வெளியே போக அனுமதிச் சீட்டுக் கேட்டது, பின்னர் வீட்டுக்கு ஒருவரைக் கட்டாயமாகப் போருக்கு எடுத்தது, பிள்ளையை ஒளித்த தாய்தகப்பனைக் குற்றவாளி ஆக்கியது. களவெடுத்தவனைப் பற்றி முறையிட இடம் இருந்தது. பிள்ளையை எடுத்தவரைப் பற்றி முறையிட இடம் இல்லை.

போர் முடிந்ததும் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் வவுனியா மாவட்ட முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். செட்டிகுளத்து மெனிக் பாம் 2012 செப்டெம்பரில்தான் முற்றாக மூடப்பட்டது. அங்கே முறை என்ற சொல் மறுபடி அதன் அடிப்பொருளுக்கே திரும்பியது: வரிசை. தண்ணீர் பவுசர் வருமுன்பே பிளாஸ்டிக் கான்கள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். ஆளுக்குப் பதில் கான் நின்றது. கானை ஒரு அடி முன்னே தள்ளி வைப்பது, சொந்தக்காரரின் கானை இடையில் செருகுவது — இவைதான் அந்நாள்களின் பெரும் முறைகேடுகள். ஆயிரம் ஏக்கரை இழந்த ஊர்ச் சனம் ஒரு அடி நிலத்துக்குச் சத்தம் போட்டது. அந்த வரிசையை அவ்வளவு சிறிதாகவும் நீளமாகவும் ஆக்கியவர்களின் நடத்தையைக் கேட்க அங்கேயும் ஆளில்லை.

மேலே இருப்பவரின் பிழை

இன்று வன்னியில் சிறியவர் செய்யும் பிழைக்கு மன்றங்களுக்குக் குறைவில்லை. வேலித் தகராறு, சிறு காயம், ஏச்சுப்பேச்சு, சிறு கடன் எல்லாம் மத்தியஸ்த சபைக்குப் போகும். 1988இன் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த இச்சபைகள் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போருக்குப் பின்னரே வந்தன. மூன்று மத்தியஸ்தர் இருப்பார்கள். இரு தரப்பும் தெரிவுசெய்வோர் அவர்களில் அடக்கம். சட்டத்தரணி பேசமுடியாது. யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது அவர்கள் வேலையல்ல. இருவரும் ஒத்துக்கொள்ளும் ஒன்றைக் கண்டுபிடிப்பதே வேலை. இணங்காவிட்டால் இணங்கவில்லை என்று ஒரு சான்றிதழ் கிடைக்கும், அதோடு நீதிமன்றம் போகலாம். மாடு பிடித்தவர் வீட்டுத் தேத்தண்ணிக் கதைக்கு அரசாங்கம் கொடுத்த மேசையும் கதிரையும் என்று இதைச் சொன்னால் பெரிய பிழையில்லை.

ஆனால் இந்த மேசை இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே உயரமாக இருந்தால்தான் வேலை செய்யும். நுண்நிதிக் கடன் வன்னிக்குள் பரவியபோது அது தெரிந்தது. போருக்குப் பின் பெண் தனியே நடத்தும் குடும்பங்கள் நிறைந்த கிராமங்களில், பெண்களைக் குழுவாகச் சேர்த்து, வாரத்தவணைக்குக் கடன் கொடுத்தன நிறுவனங்கள். தவணை தவறிய வீட்டு முற்றத்தில் அறவிட வந்தவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பொழுதுபடும்வரை இருந்தார். அவர் கைநீட்டவில்லை, ஏசவில்லை. கதிரையில் இருந்தார், அவ்வளவுதான். ஆண்துணை இல்லாத வீட்டில் அந்நிய ஆண் இருட்டும்வரை இருப்பதற்கு ஊரில் என்ன பொருள் என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். முறைகேட்டையே அறவிடும் கருவியாக்கிய வித்தை இது. 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் குவான் பப்லோ பொகொஸ்லாவ்ஸ்கி, பெண்கள் அறவிடுவோரால் துன்புறுத்தப்படுவதையும், தவணைக்குப் பதில் பாலியல் இணக்கம் கேட்கப்படுவதையும் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு, வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசு அறிவித்தது.

அரச அலுவலகத்து மேசையின் கதையும் அதுதான். அரச ஊழியரின் நடத்தைக்குத் தாபன விதிக்கோவையின் இரண்டாம் பாகம் இருக்கிறது. எது பாரிய குற்றம், எது சிறியது என்று அட்டவணை போட்டு, விசாரணை எப்படி நடக்கவேண்டுமென்றும் சொல்கிறது. பிந்தி வருவது, மேலதிகாரிக்குக் கீழ்ப்படியாதது, பொதுச்சொத்தைக் கெடுப்பது எல்லாம் அதில் தெளிவு. ஆனால் வீட்டுத்திட்டப் பட்டியலில் பெயர் சேர்க்க, காணிக் கடிதத்தில் கையொப்பம் வைக்க, இறப்புச் சான்றிதழ் எடுக்க வந்த பெண்ணிடம் "பின்னேரம் ஒருக்கால் போன் எடுங்கோ" என்று சொல்பவரின் பிழைக்கு நெடுங்காலம் பெயரே இல்லை. 1954ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டம் காசையும் பண்டத்தையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கியது. ஆனாலும் கேட்டவர் எதிர்ப்பு இல்லாததைச் சம்மதம் என்று வாதாட இடமிருந்தது. 2023இன் 9ஆம் இலக்க ஊழலுக்கெதிரான சட்டமே பாலியல் இலஞ்சத்தை இலஞ்சம் என்று எழுதியது. ஒருவர் தன் கடமையைச் செய்வதற்குக் கேட்கக்கூடாத விலை அது என்று சொல்ல, 1954இலிருந்து அறுபத்தொன்பது ஆண்டுகள் பிடித்தன.

அரசோ அதற்கு நெருக்கமானவரோ முறை தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு முல்லைத்தீவில் ஒரு நாள் உண்டு. 2019 செப்டெம்பர் 23. செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோயில் வளவில் விகாரை அமைத்திருந்த பிக்கு இறந்தபோது, உடலைக் கோயில் சூழலில் எரிக்கக்கூடாது, கடற்கரையோரம் வேறிடத்தில் எரிக்கவேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. பொதுபல சேனாவின் ஞானசார தேரர் உள்ளிட்ட பிக்குகள் முன்னின்று கோயில் தீர்த்தக்கேணிக்குப் பக்கத்திலேயே எரித்தார்கள். பொலிஸார் அங்கே நின்றார்கள். கட்டளையைச் சுட்டிக்காட்டிய சட்டத்தரணி ஒருவர் தாக்கப்பட்டார். வடக்கில் சட்டத்தரணிகள் பணியைப் புறக்கணித்தார்கள். சட்டம் படித்தவர்களுக்கு அது நீதிமன்ற அவமதிப்பு. ஊர்ச் சனத்துக்கு அது வேறொன்று. பிள்ளையார் தீர்த்தமாடும் கேணிக்கரையில் பிணம் எரிந்தால் துடக்கு. அந்தத் துடக்கை எந்த நாளில் கழிப்பது, யார் கழிப்பது என்பதே அவர்களுடைய முதல் கேள்வி. இறந்தவர் எந்தச் சமயத்தவரானாலும் செத்தவீட்டை மதிக்கும் சனத்துக்கு, ஒரு செத்தவீட்டையே சண்டித்தனமாக்கியது இன்னொரு வலி. நான்கு ஆண்டு கழித்து, 2023 செப்டெம்பரில், குருந்தூர்மலையில் விகாரை கட்டுவது பற்றிய வழக்கில் கட்டளைகள் பிறப்பித்திருந்த முல்லைத்தீவு நீதிபதி ரி. சரவணராஜா, தனக்கு உயிரச்சுறுத்தல் என்று எழுதிவைத்துப் பதவி விலகி நாட்டைவிட்டுப் போனார்.

இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு முறையிடும் தொலைபேசி இலக்கம் 1954. சட்டம் பிறந்த ஆண்டையே இலக்கமாக்கியிருக்கிறார்கள். ஆணைக்குழு இருப்பது கொழும்பில். கிளிநொச்சியிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ அழைக்கும் பெண் அலுவலகத்தைச் சொல்லவேண்டும், அந்த ஆள் என்ன சொன்னார் என்பதை அதே சொற்களில் சொல்லவேண்டும். முறைப்பாடு பதிவான பிறகும் காணிக் கடிதம் அதே அலுவலகத்தில்தான் இருக்கிறது, அதே மேசையில்.